நார்னியாவில் எது முதல் புத்தகம்? வீட்டில் மூண்ட ஒரு வழக்கு

2024 ஜனவரி 21

நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றிச் சி. எஸ். லூயிஸ் சிறுவர்களுக்காக எழுதிய நாவல்கள் ஏழில் முதலில் படிக்க வேண்டியது எது என்று, படித்தவர்கள் யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று நாளாகச் சண்டை ஓயவில்லை.

வழக்கின் விவரம் இது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கல்லூரி நாட்களில் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த பழைய பிரதிகளைச் சென்ற ஆண்டு விடுமுறையில் அவள் படித்து முடித்தாள். லூசி என்ற சிறுமி துணி அலமாரிக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கப் போய்ப் பனிக்காட்டில் கால் வைக்கும் கதைதான் அவளுக்கு முதல் கதை. ஒன்பது வயது மகனுக்கு இந்த மாதம் சென்னைப் புத்தகக் காட்சியில் ஏழும் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அந்தப் பெட்டியில் 'மந்திரவாதியின் மருமகன்' கதையின் முதுகில் 1 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அலமாரிக் கதைக்கு எண் 2. மகள் பார்த்த மாத்திரத்தில் அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டாள். மகனோ, விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் பிழை இருக்காது என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டான்.

என் கட்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நான் மகள் பக்கம். அலமாரிக் கதை 1950இல் வெளிவந்தது. மருமகன் கதை 1955இல்தான் வந்தது. பனிக்காட்டின் நடுவே யாரும் ஏற்றாத ஒரு தெருவிளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருப்பதை லூசி காணும் இடம் இருக்கிறதே, அது அங்கே எப்படி வந்தது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் கதையின் குளிரே இருக்கிறது. பிந்தைய நாவல் அந்தக் கம்பத்தின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் சொல்லிவிடுகிறது. அதை முன்னால் படித்தவனுக்குக் கம்பம் வெறும் கம்பமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. நார்னியாவைப் படைத்த சிங்கமான அஸ்லானின் பெயர் முதல்முறை காதில் விழும்போது, அது யாரென்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது, உங்களைப் போலவே, என்ற பொருளில் கதைசொல்லி ஒரு வார்த்தை சொல்கிறார். ஏற்கெனவே ஒரு நாவல் முழுக்க அஸ்லானைப் பார்த்துவிட்டு வந்தவனிடம் இதைச் சொன்னால் அவன் சிரிப்பானா மாட்டானா?

2024 ஜனவரி 22

ஒரு சிறு இடைச்செருகல். 'மருமகன்' என்ற சொல்லால் வீட்டில் புதிய குழப்பம் ஒன்று தோன்றியிருக்கிறது. மந்திரவாதியின் மகளைக் கட்டிக்கொண்டவனின் கதை என்று என் அம்மா நினைத்துக்கொண்டு, இதெல்லாம் ஒன்பது வயதுப் பையன் படிக்கிற கதையா என்று கேட்டார். உடன்பிறந்தாள் மகன் என்ற பொருளில் என்று விளக்கினேன். கதையில் மந்திரவாதியான ஆண்ட்ரூ, மருமகனான டிகோரியின் அம்மாவுக்கு அண்ணனோ தம்பியோ ஆக வேண்டும். ஆகவே முறைப்படி தாய்மாமன். ஆங்கிலத்தில் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரே சொல்தான் என்பதால் அங்கே உறைக்காத ஒன்று, தமிழில் சொன்னவுடன் உறைத்துவிடுகிறது. தாய்மாமன் மாய மோதிரத்தைக் காட்டி அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையை வேறு உலகத்துக்கு அனுப்பிவிட்டு, அவளைத் தேடிப் போ என்று மருமகனையும் அனுப்புகிறான். தாய்மாமன் செய்யக்கூடிய காரியமா இது என்று அம்மா கொதித்துப் போனார். இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட கருத்துகளிலேயே உறுதியான கருத்து இன்றுவரை இதுதான்.

2024 ஜனவரி 25

மகன் பிடிவாதமாக எண் 1இலிருந்தே தொடங்கிவிட்டான். இன்று கம்பம் வரும் இடத்துக்கு வந்து சேர்ந்தான். லண்டன் தெருவில் நடந்த அமளியில் ஜேடிஸ் என்ற அரசி விளக்குக் கம்பத்திலிருந்து ஓர் இரும்புத் துண்டைப் பிடுங்கி வைத்திருக்கிறாள். புத்தம்புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும் நார்னியாவில் அதைச் சிங்கத்தின் மேல் எறிகிறாள். அது பட்டுத் தெறித்து மண்ணில் விழுந்து, அங்கேயே முளைத்து, குட்டி விளக்காகி, எரியத் தொடங்குகிறது. மகன் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நம் வீட்டுத் தோட்டத்தில் பழைய டியூப்லைட்டை நட்டால் என்ன ஆகும் என்று கேட்டான். கண்ணாடி முளைக்காது, இரும்புதான் முளைக்கும் என்று மகள் அறிவியல் ஆசிரியைபோல் விளக்கம் சொன்னாள். அவளையும் அறியாமல் அந்த நாவலின் சட்டத்தை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டதை நான் கவனித்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

2024 ஜனவரி 27

என் கட்சிக்கு விழுந்த அடியை நானே எழுதிவிடுவதுதான் நேர்மை.

இந்த வழக்கு எங்கள் வீட்டில் முதன்முதலாக நடப்பதில்லை. 1957இல் அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கும் அவன் அம்மாவுக்கும் இதே சண்டை நடந்திருக்கிறது. வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. நார்னியாவின் வரலாறு நிகழ்ந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பது பையனின் கட்சி. பையன் லூயிஸுக்கே கடிதம் எழுதிவிட்டான். அவரும் அந்த ஆண்டு ஏப்ரலில் பதில் எழுதினார்: அம்மாவின் வரிசையைவிட உன் வரிசையோடுதான் அதிகம் ஒத்துப்போகிறேன் என்று. முதல் கதையை எழுதியபோது இரண்டாவது ஒன்று வரும் என்றே அவருக்குத் தெரியாதாம். இரண்டாவதை எழுதியபோதும் அப்படித்தான். கடற்பயணக் கதையை முடித்தபோது இதுதான் கடைசி என்று உறுதியாக இருந்தாராம். எனவே எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்று முடித்திருக்கிறார்.

அவர் 1963இல் மறைந்தார். பிறகு 1994இல் ஹார்பர்காலின்ஸ் நிறுவனம் இந்தத் தொகுதிகளைப் புதிய பதிப்பாகக் கொண்டுவந்தபோது, நிகழ்வு வரிசையில் எண் போட்டது. அந்தக் கடிதமும் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. என் மகன் அணைத்துக்கொண்டு போன பெட்டியின் மீதுள்ள எண், ஒருவகையில், அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் சொன்ன கருத்தின் எண்.

இதை இரவுச் சாப்பாட்டின்போது சொல்லித் தொலைத்தேன். மகன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றே கேட்டான். மகள், ஆசிரியரே அம்மாவின் மனம் நோகாமல் பையனைச் சமாதானப்படுத்த எழுதியதாக இருக்கலாம் என்று ஒரு வாதத்தை எடுத்து வீசினாள். அம்மாவின் மனம் நோகக் கூடாதென்று நினைத்திருந்தால் அம்மா பக்கமல்லவா பேசியிருப்பார் என்று அவன் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

2024 ஜனவரி 28

நேற்றைய குறிப்பை மீண்டும் படித்தபோது, 21ஆம் தேதி எழுதியதில் ஒரு குறை தெரிந்தது. வெளிவந்த வரிசைதான் எழுதிய வரிசை என்ற நினைப்பில்தான் நான் அன்று அத்தனை உறுதியாகப் பேசினேன். அது சரியில்லை. 1954இல் வெளிவந்த குதிரைக் கதை, 1953இல் வெளிவந்த வெள்ளி நாற்காலிக் கதைக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது. மருமகன் கதையை அவர் வெகுமுன்னரே தொடங்கி, ஓடாமல் நின்றுபோய், கடைசிப் போர்க் கதையையும் எழுதி முடித்த பிறகுதான் திரும்ப எடுத்து நிறைவு செய்தார். ஆகவே வரிசை இரண்டல்ல, மூன்று. தாம் எழுதிய வரிசையும் வெளிவந்த வரிசையும் ஒன்றுதானா என்பது தமக்கே உறுதியில்லை என்று அதே கடிதத்தில் அவரும் ஒரு வரி எழுதியிருக்கிறார். எழுதியவருக்கே நினைவில்லாத ஒன்றுக்காக நாம் தட்டைத் தள்ளி வைக்கிறோம்.

நான்காவதாக ஒரு வரிசையும் இருக்கிறது. அது நடைபாதை வரிசை. நான் படித்தது அதில்தான். எனக்கு முதலில் கிடைத்தது கடற்பயணக் கதை. எட்மண்ட் என்பவன் யார், ஏன் எல்லாரும் ராஜா என்று அழைக்கிறார்கள், எலி ஒன்று வாளோடு கப்பலில் ஏன் வருகிறது என்று எதுவும் தெரியாமல் உலகத்தின் விளிம்புவரை அவர்களோடு போய் வந்தேன். அலமாரிக் கதை எனக்குக் கிடைத்தது அதற்கும் எட்டு மாதம் கழித்து. முதல் பக்கத்தில் யாரோ ஊதா மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விலை பன்னிரண்டு ரூபாய். இப்படிப் படித்த ஒருவன்தான் வெளிவந்த வரிசையைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று ஒரு வாரமாகச் சட்டம் பேசியிருக்கிறான்.

2024 பிப்ரவரி 2

தமிழ்ப் புத்தகங்களில் இப்படி ஒரு வழக்கு இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். ஏன் இல்லை? கல்கியின் இரண்டு நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்திபன் கனவு 1941இல் தொடராக வரத் தொடங்கியது. சிவகாமியின் சபதம் 1944இல். ஆனால் கதையின் காலப்படி சிவகாமிதான் முன்னால் நடக்கிறது. அதில் இளவரசராக இருக்கும் நரசிம்மர், பார்த்திபன் கனவில் வாதாபியை வென்று திரும்பிய சக்கரவர்த்தி. நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் அரச கதைக்கு ஆசைப்பட்டு வரும் பிள்ளைக்கு எதை முதலில் எடுத்துக் கொடுப்பீர்கள்?

நான் தயங்காமல் பார்த்திபன் கனவைத்தான் கொடுப்பேன். அளவில் சிறியது என்பது ஒரு காரணம். அதில் நடமாடும் சிவனடியார் யார் என்ற மர்மம் மற்றொரு காரணம். சிவகாமியை முதலில் படித்தவனுக்குப் பல்லவர் குடும்பத்தின் மாறுவேடப் பழக்கம் முன்பே பிடிபட்டுவிடும். அதன் பிறகு தாடியும் ருத்திராட்சமுமாக யார் வந்தாலும் அவன் சந்தேகப்பட்டே பார்ப்பான்.

அந்த நாவலை நான் படித்தது பாட்டி வீட்டில், வார இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கிழித்தெடுத்துத் தைத்த பைண்டு புத்தகத்தில். அட்டை கனமான காலிகோ. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் மிச்சமிருந்த இடத்தில் ஒரு நகைச்சுவைத் துணுக்கோ தலைவலித் தைல விளம்பரமோ அகப்பட்டுக்கொண்டிருக்கும். முதல் சில அத்தியாயங்கள் அதில் இல்லை. பார்த்திப மகாராஜா யுத்தத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோதுதான் நான் கதைக்குள் நுழைந்தேன். அவருடைய கனவு என்ன என்பதையே நாவலின் பாதிக்குமேல்தான் ஊகித்துத் தெரிந்துகொண்டேன். இன்றுவரை அந்த முதல் சில அத்தியாயங்களை நான் வேறு யாரோ எழுதியதைப்போலத்தான் படிக்கிறேன்.

இது எந்தக் கட்சிக்குச் சாதகம் என்று எனக்கே தெரியவில்லை.

2024 பிப்ரவரி 4

மகன் எண் 2க்கு வந்துவிட்டான். பேராசிரியர் வரும் இடத்தில் வீடு இரண்டுபட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

படிக்காதவர்களுக்காகச் சூழலைச் சொல்கிறேன். அலமாரிக்குள் வேறு உலகம் இருக்கிறது என்று லூசி சொல்கிறாள், யாரும் நம்பவில்லை. தானும் போய்வந்த அவள் அண்ணன் எட்மண்ட், போகவே இல்லை என்று சாதிக்கிறான். மூத்தவர்களான பீட்டரும் சூசனும் கவலையோடு வீட்டுக்காரரான பேராசிரியரிடம் போகிறார்கள். தங்கைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவரும் சொல்வார் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அவரோ, இருவரில் வழக்கமாக உண்மை பேசுபவர் யார் என்று கேட்கிறார். லூசிதான் என்கிறார்கள். பொய் சொல்கிறாள், பைத்தியம் பிடித்திருக்கிறது, உண்மை சொல்கிறாள் என்ற மூன்றில் முதல் இரண்டும் இல்லையென்றால் மிஞ்சுவது எது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

என் மகளுக்கு நாவலிலேயே பிடித்த இடம் இது. ஒரு பெரியவர், அதுவும் படித்தவர், எந்த ஆதாரமும் இல்லாமல் ஒரு சின்னப் பெண்ணின் பேச்சை நம்புகிறார் என்பதில் அவளுக்கு அப்படியொரு நிறைவு. வகுப்பில் அவள் சொன்ன ஒன்றை ஓர் ஆசிரியர் நம்பாமல் போனது, பிறகு அது உண்மையென்று தெரிந்தும் யாரும் ஒன்றும் பேசாமல் விட்டது, எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மகன் முதல் நாவலைப் படித்துவிட்டு வந்தவன். அந்தக் கிழவர் யாரென்று அவனுக்குத் தெரியும்: சிறுவயதில் நார்னியா பிறந்ததைக் கண்ணால் பார்த்த டிகோரிதான் அவர். அங்கிருந்து கொண்டுவந்த ஆப்பிளின் விதை மரமாகி, புயலில் விழுந்து, அந்த மரத்தில் செய்ததுதான் அந்த அலமாரி என்பதும் அவனுக்குத் தெரியும். எனவே அவன் புத்தகத்தை மூடிவிட்டுக் கோபத்தோடு சொன்னான்: "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் ஏன் தெரியாத மாதிரி கேள்வி கேக்குறாரு? நானும் போயிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா லூசி அழாம இருந்திருப்பால்ல?"

மகள் பேச்சிழந்து நின்றாள். அவளுடைய நல்லவர் ஒரே நொடியில் கள்ளமௌனக்காரராகிவிட்டார். அவர் சொல்லியிருந்தால் கதையே இருந்திருக்காது என்று நான் சமாதானம் சொல்லப் போக, கதை இருப்பதற்காக ஒரு பெண்ணை அழவிடலாமா என்று அவன் திருப்பிக் கேட்டான்.

2024 பிப்ரவரி 5

இரவெல்லாம் அதே நினைவு. ஆசிரியர் அலமாரிக் கதையை எழுதியபோது அந்தப் பேராசிரியருக்கு இளமைக் கதை எதுவும் இல்லை. டிகோரி பிற்பாடு வந்து அவருக்குள் குடியேறியவன். ஆகவே 1950இல் அவர் நேர்மையாகத்தான் தெரியாமல் கேட்டார். 1955இல்தான் அவர் மறைத்தவராக ஆனார். ஒரே பக்கம், ஒரே சொற்கள். ஆனால் ஐந்தாண்டு கழித்து வந்த ஒரு புத்தகம் பின்னோக்கிக் கை நீட்டி ஒரு மனிதரின் குணத்தை மாற்றியிருக்கிறது. என் மகன் கண்டுபிடித்தது உண்மையான விரிசல். இதே புத்தகங்களை இருபத்தைந்து ஆண்டுகளாக வைத்திருக்கும் நான் அதைக் கண்டதில்லை. என் வரிசையில் படித்ததால்தான் காணவில்லை என்றும் தோன்றுகிறது.

அப்படியும் மகள் பெற்றதை அவன் பெறவில்லை. பெரியவர் ஒருவர் நம்பினார் என்ற ஆறுதல் இனி அவனுக்கு இந்தப் புத்தகத்தில் கிடைக்காது. இரண்டில் எது பெரிது என்று நிறுத்துப் பார்க்க என்னிடம் தராசு இல்லை. 21ஆம் தேதி எழுதியதில் 'வெறும் கம்பமாகிவிடும்' என்ற சொற்களை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். லூசி அந்தக் கம்பத்தின் அடியில் வந்து நின்றபோது மகன் நாற்காலியில் ஏறி நின்று, அது எப்படி முளைத்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது என்று கத்தினான். அப்படிக் கத்துபவனுக்குக் குளிர் தெரியவில்லைதான். ஆனால் அவன் அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான்.

2024 பிப்ரவரி 11

இன்று வேறொரு விஷயம். சூனியக்காரி எட்மண்டுக்குக் கொடுக்கும் துருக்கி மிட்டாய் எப்படியிருக்கும் என்று இருவரும் பல நாளாகக் கேட்டுவந்தார்கள். பச்சைப் பட்டு நாடா கட்டிய வட்டப் பெட்டி என்று ஆசிரியர் ஆசை காட்டிவிட்டுப் போய்விடுகிறார். பழைய பிரதியின் ஓரத்தில் மகள் 'அல்வா?' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். திருநெல்வேலி அல்வா என்றால் உடன்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுப்பதில் நியாயம் உண்டு என்று என் மனைவி சொன்னார். அவர் ஊர் பாளையங்கோட்டை. அந்தத் தீர்ப்பில் சார்பு இருக்கலாம். மாவும் சர்க்கரையும் கூட்டிப் பன்னீர் வாசனையோடு வெட்டும் துண்டு மிட்டாய் அது, நெய் கிடையாது. நெய் இல்லையென்று கேட்டதும் மகனுக்கு எட்மண்ட் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது.

அப்போதுதான் அவனிடம் ஒன்றைச் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் கிராமத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். யுத்தம் முடிந்து, இந்த நாவல் வெளிவந்த 1950இலும் பிரிட்டனில் மிட்டாய்க்கு ரேஷன் இருந்தது. 1953 பிப்ரவரியில்தான் அது நீங்கியது. அட்டையைக் காட்டி அளந்து வாங்கிய மிட்டாயைச் சப்பிக்கொண்டே அதைப் படித்த பிள்ளைகளுக்குப் பெட்டி நிறைய இனிப்பு என்பது எப்படிக் கேட்டிருக்கும்? மகன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, அப்படியானாலும் தம்பி தங்கைக்கு இரண்டு துண்டு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்றான். எட்மண்டுக்குத் தம்பி கிடையாது என்று மகள் திருத்தினாள்.

2024 பிப்ரவரி 18

ஒன்பது வயதுப் பையனின் பேச்சையெல்லாம் இலக்கிய விமர்சனம்போல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவர் கடிந்திருக்கிறார். இருக்கட்டும். 1936இல் லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளர், டோல்கீன் எழுதிய ஹாபிட் கதையின் கைப்பிரதியைத் தம் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். நில வரைபடங்கள் இருப்பதால் படங்கள் தேவையில்லை, நன்றாக இருக்கிறது, ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். பத்து வயதுக்காரன் ஒன்பதோடு கோட்டைக் கிழித்துவிட்ட கம்பீரத்தைப் பாருங்கள். அடுத்த ஆண்டு புத்தகம் வெளிவந்தது. அதே பையன் வளர்ந்து, தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்து, அதே எழுத்தாளரின் மிகப் பெரிய நாவல் நட்டம் தரலாம் என்று தெரிந்தும் வெளியிட வேண்டும் என்று நின்றான். அது 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது.

இதைச் சொன்னதன் விளைவு, இனிமேல் கருத்துக்குக் கூலி வேண்டும் என்று இருவரும் கேட்டதுதான். பேசி முடித்ததில் ஒரு புத்தகத்துக்குப் பத்து ரூபாய். மகன் அலமாரிக் கதைக்குக் கொடுத்த அறிக்கை முழுமையாக இது: 'சண்டை குறைவு. பீவர் என்ற பேசும் விலங்கின் வீட்டில் மீன் வறுவல் நன்றாக உள்ளது. பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை.' பத்து ரூபாய்க்கு இதற்கு மேல் யாரும் எழுத முடியாது.

2024 மார்ச் 3

இந்தக் குறிப்பை மகன் பார்க்கக் கூடாது. அவன் இன்னும் ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறான். ஏழாவதைப் படிக்காத மற்றவர்களும் இதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மகளுக்கு ஏழாவது நாவலின் மேல் தீராத கோபம் உண்டு. கடைசியில் ரயில் விபத்தில் இறந்துபோய் எல்லாரும் அஸ்லானின் நாட்டில் ஒன்றுகூடும்போது சூசன் மட்டும் இல்லை. அவள் இனி நார்னியாவின் தோழி இல்லை என்று அண்ணனே சொல்லிவிடுகிறான். நைலான் காலுறை, உதட்டுச்சாயம், விருந்து அழைப்பு, இவற்றைத் தவிர அவளுக்கு வேறெதிலும் அக்கறையில்லையாம். வில் பிடித்த ஓர் அரசியை ஒரு பக்கத்தில் இப்படிக் கழித்துக் கட்டலாமா என்பது மகளின் கேள்வி. சென்ற ஆண்டு கேட்டபோது, அந்தக் காலத்துப் பேராசிரியர் அப்படித்தான் எழுதுவார் என்று சோம்பலாகப் பதில் சொல்லித் தப்பித்தேன். அவள் அதை மறக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள் இல்லை. புத்தகம் வந்த சில மாதங்களிலேயே பிள்ளைகள் லூயிஸுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 1957 ஜனவரியில் ஒரு சிறுவனுக்கு எழுதிய பதிலில், சூசன் உயிரோடுதான் இருக்கிறாள், மனம் மாற அவளுக்கு நிறையக் காலம் இருக்கிறது, தனக்கே உரிய ஒரு வழியில் அஸ்லானின் நாட்டை அவள் அடையக்கூடும் என்கிறார். 1960இல் ஒரு வாசகிக்கு எழுதியது இன்னும் சுவையானது. சூசனின் பயணத்தை எழுதினால் அது பெரியவர்களுக்கான நாவல்போல் நீண்டுவிடும் என்பதால் தாம் எழுதவில்லை என்றும், தாம் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், நீயே ஏன் எழுதிப் பார்க்கக் கூடாது என்றும் கேட்டிருக்கிறார்.

இதை மகளிடம் மொட்டை மாடியில், துணி எடுக்கப் போன இடத்தில், மெல்லிய குரலில் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி: அந்த வாசகி எழுதினாளா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. துணியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

2024 மார்ச் 17

பள்ளியில் மிஞ்சிய நோட்டு ஒன்றுக்குக் காக்கி அட்டை போட்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறாள். முதல் வாக்கியத்தை மட்டும் எனக்குக் காட்டினாள். ரயில் நிலையத்திலிருந்து தனியாக வீட்டுக்குத் திரும்பும் சூசன், பீரோவைத் திறக்காமல் மூன்று நாள் அதே உடையோடு இருக்கிறாள். அலமாரி என்று எழுதாமல் ஏன் பீரோ என்று எழுதினாய் என்று கேட்டேன். அலமாரி என்றால் எல்லாரும் உள்ளே போக வழி இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள், நம் வீட்டு இரும்பு பீரோ மாதிரி பின்பக்கம் மூடியதாக இருக்க வேண்டும் என்றாள். அடுத்த வாக்கியத்தைக் காட்டவில்லை. தம்பி ஏழாவதை முடிக்கும்வரை வீட்டில் யாரும் அந்த நோட்டைத் தொடக் கூடாது என்பது உத்தரவு.

மகன் இப்போது ஆறாவதின் நடுவில், சதுப்பு நிலத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் பட்டல்கிளம்மோடு இருக்கிறான். அவநம்பிக்கையே உருவான அந்தப் பாத்திரம் தன் பாட்டியைப் போல இருக்கிறது என்று மட்டும் இதுவரை கருத்துச் சொல்லியிருக்கிறான்; கூலி இன்னும் கொடுக்கவில்லை. நேற்று அக்காவின் நோட்டைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, அதன் முதுகில் எண் 8 என்று எழுத வேண்டுமா, இல்லை நடுவில் எங்காவது வருமா என்று கேட்டான்.

எண்ணே போடப்போவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.